ஸ்டாக்கருக்காக எழுதிய சட்டம்

1997 மார்ச் 21 அன்று பிரிட்டனில் ஒரு சின்னச் சட்டத்துக்கு ராணியின் ஒப்புதல் கிடைத்தது. மொத்தமே பதினாறு பிரிவுகள். பெயர் புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஹராஸ்மென்ட் ஆக்ட். இந்தக் கட்டுரைக்காக தொல்லைத் தடுப்புச் சட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். ஜான் மேஜர் அரசு வீட்டுக்குப் போக ஆறு வாரம்தான் பாக்கி. உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட். சட்டத்தின் குறி ஸ்டாக்கர்கள். அதாவது ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வது, வீட்டு வாசலில் நிற்பது, போன் மேல் போன் போடுவது என்று இருக்கும் ஆட்கள். தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவுமே குற்றம் இல்லை. தெருவில் நிற்கலாம், போன் பண்ணலாம், பூ அனுப்பலாம். எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு மனுஷியின் வாழ்க்கை நரகமாகிறது. பழைய சட்டங்களிடம் இதற்குப் பதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்த சட்டம் இது.

அதே மாதம் சானல் 4 தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் வந்தது. ஹண்டிங்டன் லைஃப் சயன்ஸஸ் என்ற கம்பெனி, மருந்துகளையும் ரசாயனங்களையும் மிருகங்கள் மேல் சோதித்துத் தரும் ஆய்வுக்கூடம். கேம்பிரிட்ஜ்ஷையரில் இருக்கிறது. ஒரு பெண் பத்திரிகையாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்து, உடம்பில் மறைத்து வைத்த கேமராவில் எடுத்த படம். ஊழியர்கள் பீகிள் நாய்க்குட்டிகளைக் குத்துவதும் உலுக்குவதும் அப்படியே பதிவாகியிருந்தது. பிறகு இரண்டு ஊழியர்கள் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டார்கள். லைசென்ஸே பறிபோகும் என்று அரசு கம்பெனியை எச்சரித்தது.

ஸ்டாக்கர் சட்டத்துக்கும் நாய்க்குட்டிப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டும் ஒரே கோர்ட்டில் சந்தித்துக்கொண்டன. அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கு ஒன்றை விட்டு ஒன்று பிரியவே இல்லை. போராட்டம் எங்கே முடிகிறது, தொல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஆங்கிலேய நீதிபதிகள் எழுதியதில் பெரும்பகுதி இந்த ஒரு கம்பெனியின் வாசலில் இருந்து கிளம்பியதுதான்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பின்னால் வரும் எல்லாக் கூத்துக்கும் இதுதான் அடிப்படை.

முதல் பிரிவு சொல்வது: இன்னொருவருக்குத் தொல்லையாக அமையும் "நடத்தைத் தொடர்" எதிலும் ஒருவர் ஈடுபடக் கூடாது. தொல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்திருக்க வேண்டும். தொல்லை என்றால் என்ன? முழு விளக்கம் சட்டத்திலேயே கிடையாது. பயமுறுத்துவதும் மன உளைச்சல் தருவதும் அதில் அடங்கும் என்று ஏழாம் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். தொடர் என்றால் குறைந்தது இரண்டு முறை. நடத்தை என்றால் பேச்சும் அதில் சேர்த்தி. ஸ்டாக்கருக்கு வக்கீல் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் உண்டு என்பதால், வேண்டுமென்றே அகலமாக எழுதினார்கள். தப்பிக்க ஒரு வழியும் வைத்தார்கள்: அந்தச் சூழ்நிலையில் நடத்தை "நியாயமானது" என்று காட்டினால் குற்றம் இல்லை.

நியாயமானதா என்பதை யார் சொல்வது? நீதிபதி.

அடுத்தது மூன்றாம் பிரிவு. எனக்கு இந்தச் சட்டத்திலேயே சுவாரஸ்யமானது இதுதான். பாதிக்கப்பட்டவர் போலீஸுக்குப் போகாமல் சிவில் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கலாம். தொல்லை நடந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நடக்கலாம் என்ற அச்சம் போதும். சிவில் வழக்கு என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இடைக்காலத் தடை என்றால் சாட்சி விசாரணைகூட இல்லாமல், எழுதிக் கொடுத்த வாக்குமூலங்களை வைத்தே வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய பிறகு அதை மீறினால் அது கிரிமினல் குற்றம். ஐந்து வருஷம் வரை ஜெயில். அந்தத் தடை தடுப்பது வெறுமனே ஒரு தெருவில் நடப்பதை என்றாலும் சரி, அதுதான் தண்டனை. உள்ளே போகும் கதவு சிவில், வெளியே வரும் கதவு ஜெயில். கணினி ஆட்கள் இதை பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்பார்கள்.

ஒரு ஸ்டாக்கருக்கு எதிராக இது அற்புதமான ஆயுதம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஹண்டிங்டன் கம்பெனி 1997-லேயே இந்தக் கதவைத் தட்டியது. எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலேயே கோர்ட் ஒரு தடை கொடுத்தது. அந்தத் தடையில் சிக்கியவர்களில் மிருகச் சோதனைக்கு எதிரான பழைய, கௌரவமான ஒரு சங்கமும் இருந்தது. 1898-ல் ஆரம்பித்த சங்கம். மனு எழுதுவது, எம்.பி.க்களைப் பார்ப்பது, துண்டறிக்கை அடிப்பது என்பதுதான் அவர்கள் வேலை. அவர்கள் எதிர்த்து வந்தபோது ஜஸ்டிஸ் ஈடி தெளிவாகவே சொன்னார்: பொது விஷயங்களைப் பற்றிய விவாதத்தையும் அரசியல் எதிர்ப்பையும் அடக்குவதற்கு நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைச் செய்யவில்லை, கோர்ட்டுகள் அப்படி அகலமாகப் பொருள் கொள்ள மாட்டா என்று. சங்கத்தின் மேல் இருந்த தடை போனது. அதே 1997-ல்.

போராட்டக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ரொம்ப நாள் இல்லை.

ஒரு மிங்க் பண்ணைக்கு எதிராக நடந்த போராட்டம் 1999-ல் உயர் நீதிமன்றம் வரை வந்தது. மிங்க் என்பது கீரி மாதிரி ஒரு பிராணி, ரோமத்துக்காக வளர்ப்பார்கள். குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரில் ஒருவர் பெயர் அசல் தமிழ்ப் பெயர், தீர்ப்புத் தொகுப்பில் அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். கீழ்க்கோர்ட்டு மாஜிஸ்திரேட், அமைதியான எதிர்ப்புதானே, நியாயமான நடத்தைதான் என்று பார்த்தார். மேல்கோர்ட் வேறு மாதிரி பார்த்தது: ஏற்கெனவே தடை உத்தரவு இருக்கிறது என்றால் அதை மீறுகிற நடத்தை நியாயமானது என்று சொல்லவே முடியாது, ரொம்ப விதிவிலக்கான நிலைமை தவிர. அதாவது, சட்டத்தில் இருந்த ஒரே தப்பிக்கும் வழியை, அவசரமாக வாங்கிய இடைக்காலத் தடையே அடைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை. அடுத்த வருஷமே ரோமப் பண்ணைத் தொழிலைத் தடை செய்து பிரிட்டன் சட்டம் போட்டது. தொல்லை கொடுக்கப்பட்ட தொழில் சட்டவிரோதமானது. தொல்லை கொடுத்தார்கள் என்ற தீர்ப்பு முன்னுதாரணமாக நின்றுவிட்டது.

*

இனி கதையின் மறுபக்கம். இதைச் சொல்லாமல் போராட்டக்காரர்களை மட்டும் அப்பாவிகளாகக் காட்டினால் அது பொய்.

1999 நவம்பரில் ஷாக் என்ற இயக்கம் தொடங்கியது. ஸ்டாப் ஹண்டிங்டன் அனிமல் க்ருயல்ட்டி என்பதன் சுருக்கம். ஒரே கம்பெனி, ஒரே இலக்கு: இழுத்து மூட வைப்பது. அவர்கள் கண்டுபிடித்த உத்தி தனித்துவமானது. ஆய்வுக்கூடத்தின் வேலிக்கு முன்னால் கத்தி என்ன ஆகப்போகிறது? அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி எது, இன்சூரன்ஸ் யார், ஷேர் வைத்திருப்பவர் யார், துணி துவைத்துக் கொடுப்பவர் யார், சாப்பாடு கொண்டுவருபவர் யார்? அவர்களைப் பிடி. அவர்களுக்கு ஹண்டிங்டன் மேல் பாசம் எதுவும் இல்லை. நூறு வாடிக்கையாளரில் ஒருவர், அவ்வளவுதான். வீட்டு வாசலில் நாலு நாள் மெகாபோன் அலறினால் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பயங்கரமாகப் பலித்தது. 2001 ஜனவரியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கை கழுவியது. அமெரிக்காவின் ஆர்கன்ஸாவிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் வந்து காப்பாற்றியது. எந்த வணிக வங்கியும் கணக்கு வைத்துக்கொள்ளத் தயாராக இல்லாததால், பேங்க் ஆஃப் இங்கிலாந்தே கணக்கு திறந்து கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், ரிசர்வ் வங்கியில் ஒரு தனியார் லேபுக்கு கரண்ட் அக்கவுன்ட்! இன்சூரன்ஸ் தரகர் விலகியபோது வர்த்தகத் துறை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 2005 செப்டம்பரில் தாய் நிறுவனத்தின் ஷேரை நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட இருந்த அன்று, கடைசி நேரத்தில் சந்தை அதைத் தள்ளிவைத்தது.

இது வரை கேட்டால் கெட்டிக்காரத்தனமான புறக்கணிப்பு இயக்கம் மாதிரி இருக்கும். ஆனால் மெகாபோனோடு நிற்கவில்லை. 2001 பிப்ரவரியில் நிர்வாக இயக்குநர் பிரையன் காஸை அவர் வீட்டு வாசலில் முகமூடிக்காரர்கள் தடியால் அடித்து மண்டையை உடைத்தார்கள். கம்பெனியோடு தொடர்புள்ள சாதாரண ஊழியர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, இவர் குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்பவர் என்று பொய்க் கடிதம் போனது. போலி வெடிகுண்டுப் பார்சல் வந்தது. எய்ட்ஸ் கிருமி கலந்தது என்று சொல்லி உபயோகித்த நாப்கின்கள் தபாலில் வந்தன. இதெல்லாம் பின்னால் கோர்ட்டில் நிரூபணமானவை. வாங்கியவர்களில் பலர் எலியைக்கூடத் தொட்டதில்லை. எங்கேயோ ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்கள்.

ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஆய்வுக்கு கினிப்பன்றி வளர்த்துக்கொண்டிருந்த ஒரு பண்ணைக் குடும்பத்துக்கு நடந்தது இன்னும் மோசம். 2004 அக்டோபரில், அந்தக் குடும்பத்தில் ஒருவரின் மாமியாருடைய சடலத்தைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கிடைக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. பண்ணையை மூடிவிட்டார்கள்.

ஆக, சட்டம் தேவைப்பட்டது உண்மைதான். பயந்து செத்துக்கொண்டிருந்த மனிதர்கள் உண்மையில் இருந்தார்கள். கேள்வி, எந்தச் சட்டம், யார் மேல் என்பதுதான்.

*

முதல் சிக்கல் ஒரு இலக்கணச் சிக்கல். தொல்லை "ஒருவருக்கு" கொடுக்கப்படுவது. கம்பெனி ஒருவரா? சட்டப் பொருள்கோளில் பொதுவாக நபர் என்றால் நிறுவனமும் அடங்கும். 2002-ல், சோதனைக்கான மிருகங்களை வளர்த்து விற்கும் பி அண்ட் கே யுனிவர்சல் என்ற கம்பெனியின் ஊழியர்களுக்குத் தொல்லை கொடுத்ததாக ஒருவர் மேல் போட்ட வழக்கு மேல்கோர்ட்டுக்கு வந்தது. அங்கே நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். இந்தச் சட்டத்தில் நபர் என்றால் மனிதர்தான். கம்பெனிக்கு மன உளைச்சல் வராது. அதோடு, திங்கட்கிழமை ஒரு ஊழியரைப் பார்த்துக் கத்தினார், வியாழக்கிழமை வேறொருவரைப் பார்த்துக் கத்தினார் என்றால், யாருக்குமே இரண்டு முறை நடக்கவில்லையே? தொடர் எங்கே இருக்கிறது?

ஓட்டை தெரிந்துவிட்டது. அடைக்கும் வேலை இரண்டு பக்கமும் நடந்தது. முதலில் கம்பெனிகளின் வக்கீல்கள் வழி கண்டார்கள். கம்பெனி நேராக வழக்குப் போடாது. ஒரு இயக்குநர் தனக்காகவும் எல்லா ஊழியர்களுக்காகவும் பிரதிநிதியாக வழக்குப் போடுவார். 2003-ல் டாய்ச்சி என்ற ஜப்பானிய மருந்துக் கம்பெனியும் வேறு சிலரும் ஷாக் மேல் போட்ட வழக்கில் ஜஸ்டிஸ் ஓவன் இந்த வழியை ஏற்றுக்கொண்டார். ஹண்டிங்டனும் அதே ஆண்டில் தடை வாங்கியது. எதிர்த்தரப்பிலும் அதே தந்திரம்: ஷாக் பதிவு செய்த அமைப்பு இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. அதனால் ஓரிருவரைப் பிரதிநிதியாகப் பிடித்து, தடையில் "போராட்டக்காரர்" என்று பொதுவாக எழுதிவிட்டார்கள். உத்தரவைப் பற்றித் தெரிந்த, போராட வருகிற எவரையும் அது கட்டுப்படுத்தும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

பெரும்பாலான இந்த வழக்குகளுக்குப் பின்னால் ஒரே வக்கீல். பெயர் டிமோத்தி லாசன்-க்ரட்டெண்டன். 1997 சட்டத்தை உருவாக்கியபோது ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். தன் கையால் வடித்த கத்தி எங்கெல்லாம் வெட்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

2004-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வந்தது. புது ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டட கான்ட்ராக்டரின் பங்குதாரர்களுக்கு, தலைவரே எழுதியது மாதிரி, பங்கை விற்றுவிடுங்கள் என்று போலிக் கடிதம் போனது. கான்ட்ராக்டர் ஜூலையில் ஓடிவிட்டார். நவம்பரில் பல்கலைக்கழகம் தடை வாங்கியது. அதன்படி ஆய்வுக்கூடத்துக்கு எதிரே போராடலாம். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும், ஐம்பது பேருக்கு மிகாமல். ஆபீஸ் நேரம் மாதிரி போராட்ட நேரம். சிரிப்பு வரும், ஆனால் நாலு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு நாள் முழுக்க, வாரம் முழுக்க மெகாபோன் கேட்டால் எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த உத்தரவில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை.

பிறகு நாடாளுமன்றம். 2001-லேயே ஒருவர் வீட்டு முன் கூடுபவர்களை அகற்றப் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். 2002-லிருந்து, ஆபத்தில் இருக்கும் கம்பெனி இயக்குநர்கள் தங்கள் வீட்டு முகவரியைப் பொதுப் பதிவேட்டிலிருந்து மறைக்க அனுமதி வாங்கலாம் என்று விதி வந்தது. அதுவரை எந்த இயக்குநரின் வீட்டு முகவரியையும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பார்க்கலாம். ஷாக்கின் முழு உத்தியும் அந்தப் பதிவேட்டின் மேல்தான் நின்றது. என்னைக் கேட்டால் இந்த அமளி முழுவதிலும் செய்த உருப்படியான சீர்திருத்தம் இதுதான். ஒருவர் வாயையும் அடைக்கவில்லை, ஒரு குடும்பத்தின் வாசலைக் காப்பாற்றியது.

2005-ல் வந்ததுதான் பெரியது. சீரியஸ் ஆர்கனைஸ்ட் க்ரைம் அண்ட் போலீஸ் ஆக்ட். அதில் மிருக ஆராய்ச்சி நிறுவனங்களுக்கென்றே இரண்டு பிரிவுகள், ஐந்து வருஷம் வரை ஜெயில். அதைவிட முக்கியம் 125-ஆம் பிரிவு. தொல்லைத் தடுப்புச் சட்டத்துக்கே திருத்தம். ஆளுக்கு ஒரு முறை என்று இரண்டு பேருக்குத் தொல்லை கொடுத்தாலும் போதும், அது வேறு யாரையாவது அவருக்கு உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் "இணங்க வைக்கும்" நோக்கத்தோடு செய்யப்பட்டிருந்தால். அந்த வேறு யாராவது கம்பெனியாகவும் இருக்கலாம். கம்பெனியே நேராகத் தடை கேட்கலாம். 2002-ல் கோர்ட் காட்டிய ஓட்டையின் அளவுக்கு அச்சாக வெட்டிய மூடி.

இப்போது அந்த வாசகத்தைத் திரும்பப் படியுங்கள். உரிமையுள்ள ஒன்றைச் செய்யாதபடி ஒருவரை இணங்க வைப்பது. உலகத்தில் எந்தப் போராட்டத்தின் நோக்கம் இது இல்லை? மரம் வெட்ட கம்பெனிக்கு உரிமை இருக்கிறது, வெட்டாதே என்கிறோம். ஆலை கட்ட அனுமதி இருக்கிறது, கட்டாதே என்கிறோம். ஸ்டாக்கர் சட்டத்தில் நோக்கம் ஒரு பொருட்டே இல்லை. இந்தத் திருத்தத்தில் அரசியல் நோக்கமே ஒரு கூறாக உள்ளே வந்துவிட்டது. தொல்லை என்ற சொல் மட்டும்தான் நடுவில் தடுப்பாக நிற்கிறது. அதற்கோ விளக்கம் கிடையாது.

*

மிருக ஆராய்ச்சியைக் காப்பாற்ற என்று சொல்லி வாங்கிய கருவி மற்றவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ப்ரைட்டனில் ஈ.டி.ஓ. என்ற ஆயுத உதிரிபாகக் கம்பெனி. ஈராக் போர் சமயம், அதன் வாசலில் வாரா வாரம் சட்டி தட்டிக்கொண்டு கூட்டம் நிற்கும். 2005-ல் கம்பெனி தடை கேட்டது: தடை வளையம் வேண்டும், வாரத்தில் ஒரு நாள், இரண்டரை மணி நேரம், பத்துப் பேருக்கு மேல் கூடாது, சத்தம் கூடாது. ஜஸ்டிஸ் க்ராஸ் இடைக்காலத் தடை கொடுத்தார், ஆனால் அந்த எண்ணிக்கை, நேரக் கட்டுப்பாடுகளைக் கொடுக்கவில்லை. வழக்கு முழு விசாரணையை நோக்கிப் போகப் போக, 2006-ல் கம்பெனியே வாபஸ் வாங்கியது. அதற்குள் அந்த இடைக்காலத் தடையின் கீழ் ஆட்களைக் கைது செய்தாகிவிட்டது. நிரூபிக்கப்படாத வழக்கு, கைதுகள் மட்டும் நிஜம்.

அடுத்து ராட்லி ஏரிகள். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிட்காட் அனல் மின் நிலையத்தின் சாம்பலை அந்த ஏரிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மிஞ்சியவற்றில் ஒன்று த்ரப் ஏரி. அதையும் நிரப்ப என்பவர் நிறுவனம் கிளம்பியது. எதிர்த்தவர்கள் யார்? சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள், பறவை பார்ப்பவர்கள். 2007-ல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது. மரம் வெட்டும் ஆட்களையும் காவலாளிகளையும் படம் எடுக்கக்கூடாது என்பதும் அதில் சேர்த்தி. படம் எடுக்க வந்த ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் கையில் உத்தரவின் நகலைத் திணித்தார்கள். முகமூடி போட்ட காவலாளிகள், உத்தரவோடு. கல்லறை தோண்டியவர்களுக்கு எதிராக உருவான நடைமுறை, நாரை பார்க்க வந்த ஓய்வூதியக்காரர் வரை வந்துவிட்டது. 2008 கடைசியில், அந்த ஏரி தங்களுக்குத் தேவையில்லை என்று கம்பெனியே அறிவித்தது. ஏரி இன்னும் இருக்கிறது.

உச்சக்கட்டம் 2007 ஆகஸ்டில் ஹீத்ரோ விமான நிலையம். பருவநிலைப் போராட்டக்காரர்கள் பக்கத்தில் ஒரு வாரம் முகாம் போடுவதாக அறிவித்திருந்தார்கள். விமான நிலைய நிர்வாகம், மற்றக் காரணங்களோடு தொல்லைச் சட்டத்தையும் சேர்த்துத் தடை கேட்டது. கேட்ட பரப்பைப் பாருங்கள்: எம்4, எம்25 நெடுஞ்சாலைகளின் பகுதிகள், பிக்கடில்லி மெட்ரோ பாதை, பாடிங்டன் ரயில் நிலையத்தின் 6, 7 நடைமேடைகள். யாருக்கு எதிராக? ஏர்போர்ட்வாட்ச் என்ற கூட்டமைப்பின் பிரதிநிதி மூலமாக அதன் உறுப்பு அமைப்புகள் எல்லாவற்றுக்கும். அதில் நேஷனல் டிரஸ்ட் உண்டு, பறவைப் பாதுகாப்புச் சங்கம் உண்டு, கிராமப்புறப் பாதுகாப்பு இயக்கம் உண்டு. பத்திரிகைகள் ஐம்பது லட்சம் பேர் என்று கணக்குப் போட்டன. பறவைச் சங்கத்தின் புரவலர் எலிசபெத் ராணி. நேஷனல் டிரஸ்டின் தலைவர் இளவரசர் சார்லஸ். எழுத்துப்படி பார்த்தால் ராணியும் அவர் மகனும் 6-ஆம் நடைமேடையில் கால் வைக்கும் முன் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஜஸ்டிஸ் கரோலின் ஸ்விஃப்ட் இதை வெட்டிச் சுருக்கினார். மூன்று தனிநபர்கள், பிளேன் ஸ்டுப்பிட் என்ற ஒரு குழு. மற்றவர்கள் தப்பினார்கள். முகாமும் நடந்தது.

இந்தச் சமயத்தில்தான், உண்மையான குற்றவாளிகள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 2007 மே 1 அன்று ஷாக் தலைவர்களை ஒரே நேரத்தில் பல ஊர்களில் வளைத்தார்கள். வின்செஸ்டர் கோர்ட்டில் 2008 டிசம்பரில் தீர்ப்பு, அடுத்த மாதம் தண்டனை: நாலு வருஷத்திலிருந்து பதினொரு வருஷம் வரை. கினிப்பன்றிப் பண்ணை விவகாரத்தில் 2006-லேயே மூன்று பேருக்குப் பன்னிரண்டு வருஷம். எந்தச் சட்டத்தின் கீழ்? தொல்லைச் சட்டம் இல்லை. 2005-ல் புதிதாகச் செய்த மிருக ஆராய்ச்சிப் பிரிவுகளும் இல்லை. மிரட்டிப் பறிக்கச் சதி, அதாவது பிளாக்மெயில். 1968-ஆம் வருஷத்துத் திருட்டுச் சட்டத்தில் இருக்கும் பழைய குற்றம், பதினாலு வருஷம் வரை தண்டனை தரக்கூடியது.

போலி வெடிகுண்டு அனுப்புகிறவன், ராத்திரியில் கல்லறை தோண்டுகிறவன், கோர்ட் உத்தரவில் என்ன வளையம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டா கிளம்புகிறான்? அவனைப் பிடிக்க உளவு, ஒட்டுக்கேட்பு, பொறுமையான போலீஸ் வேலை தேவைப்பட்டது. அதற்குச் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. தடை உத்தரவைப் படித்து, வரைபடம் பார்த்து, வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பியவர்கள் யார்? சட்டத்தை மதிக்கும் ரகம். இவ்வளவு படித்த பிறகு என் முடிவு இதுதான்: அந்த உத்தரவுகள் அதிகமாகக் கட்டிப்போட்டது கட்டத் தேவையில்லாதவர்களை. நேர்மையாக இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது கார் கண்ணாடியில் முகம் வைத்துக் கத்தும் கூட்டம் பிளாக்மெயில் செய்யவில்லை, ஆனால் அந்த ஊழியருக்குக் கை நடுங்குவது நிஜம். அந்த வளையம் அவருக்கு ஒரு மூச்சுவிடும் இடம். வளையம் போட்டதில் தப்பில்லை. யாரென்றே தெரியாத எல்லோரையும் அதற்குள் முன்கூட்டியே எழுதி வைத்ததில்தான் தப்பு.

நீதிபதிகளே மெல்ல இந்தப் பக்கம் வந்தார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் லார்ட் சம்ப்ஷன் தொல்லைக்கு ஒரு வரையறை கொடுத்தார்: விடாப்பிடியான, வேண்டுமென்றே செய்கிற, நியாயமற்ற, ஒடுக்கும் தன்மையுள்ள நடத்தை, குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து, அவருக்குப் பயமோ உளைச்சலோ தரக் கணக்கிட்டது. எரிச்சலூட்டுவது வேறு, ஒடுக்குவது வேறு என்பது நிலைபெற்றது.

கனடா கூஸ் வழக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. லண்டன் ரீஜன்ட் தெருவில் 2017 நவம்பரில் திறந்த ஆடம்பர கோட்டுக் கடை. நரி மாதிரியான கயோட்டியின் ரோமம், வாத்து இறகு எல்லாம் வைத்துத் தைத்தவை. வாசலில் போராட்டம். கடையும், ஊழியர்களுக்காக மேலாளரும் சேர்ந்து "பெயர் தெரியாத நபர்கள்" மேல் வழக்குப் போட்டார்கள். தொல்லையும் ஒரு காரணம். இடைக்காலத் தடை கிடைத்தது. நிரந்தரமாக்கக் கேட்டபோது 2019-ல் ஜஸ்டிஸ் நிக்லின் மறுத்தார். 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. அவர்கள் சொன்னதன் சாரம்: தெருவில் தொடர்ந்து நடக்கும் பொதுப் போராட்டத்தை என்றென்றைக்கும் நிர்வகிக்கத் தனியார் வழக்கு சரியான கருவி இல்லை. ஒரு பக்கம் கடைக்காரரின் உரிமை, இன்னொரு பக்கம் போராடுபவர், நடந்து போகிறவர், வண்டி ஓட்டுபவர், போலீஸ் என்று இத்தனை பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தை இரண்டு தரப்பு வழக்கில் தீர்க்க முடியாது. புதிதாக வருபவர்களைக் கட்டும் உத்தரவே கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதியை 2023-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஏற்கவில்லை. ஆனால் கடுமையான நிபந்தனைகள் போட்டுத்தான் அனுமதித்தது.

2021-ல் கதை ஆரம்பித்த ஊர்ப்பக்கமே திரும்பியது. ஹண்டிங்டனுக்குப் பக்கத்தில் வைட்டன் என்ற இடம். எம்.பி.ஆர். ஏக்கர்ஸ் கம்பெனி, சோதனைக்காக பீகிள் நாய்களை வளர்க்கிறது. வாசலில் கேம்ப் பீகிள் என்று கூடாரம் போட்டுப் போராட்டக்காரர்கள் உட்கார்ந்தார்கள். கம்பெனி தடை கேட்டது. வந்ததும் அதே ஜஸ்டிஸ் நிக்லின் முன்புதான். வாசலைச் சுற்றி ஒரு சின்னத் தடை வளையம் போட்டுக் கொடுத்தார். அந்த முகாம் பக்கம் போன ஒரு பெண் வழக்கறிஞர் வளையத்துக்குள் காரை நிறுத்தினார். பெயர் தெரியாத நபர்களில் அவரும் ஒருவர், உத்தரவை மீறிவிட்டார், நீதிமன்ற அவமதிப்பு என்று கம்பெனி விண்ணப்பம் போட்டது.

2022-ல் நிக்லின் அந்த விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்தார். கொஞ்சமும் அடிப்படை இல்லாதது என்று பதிவு செய்தார். அதோடு உத்தரவில் ஒரு வரி சேர்த்தார்: இனிமேல் பெயர் தெரியாத யார் மேலாவது அவமதிப்பு நடவடிக்கை எடுப்பதானால், கம்பெனி முதலில் கோர்ட்டில் அனுமதி வாங்கிவிட்டு வர வேண்டும்.